லைஃப் ஜாக்கெட்ல பூசணம்: வினிகரா, வெண்காரமா, ப்ளீச்சா, இல்ல புதுசே வாங்கிடலாமா?

கடற்கரை ஊர்ல லைஃப் ஜாக்கெட் பூசணம் பிடிக்காம இருந்தாத்தான் ஆச்சரியம். நாகப்பட்டினம் பக்கம் போட் வெச்சிருக்கிற வீடுகள்ல பாத்தீங்கன்னா வலை போட்டு வெக்கிற ஷெட்டு மூலைலயோ, உரச்சாக்குக்குள்ளயோ, போட்லயே இன்ஜின் பக்கத்துல சுருட்டி வெச்சோ நாலஞ்சு ஜாக்கெட் கிடக்கும், ஐப்பசி கார்த்திகை மழை முடிஞ்சு எடுத்துப் பாத்தா காலர்ல வெள்ளையா பூத்திருக்கும், தையல் ஓரமா கருப்பு கருப்பா புள்ளி இருக்கும், அப்புறம் அந்த வாடை. விசைப்படகு வெச்சிருக்கிறவங்களுக்கு ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வேற, அவ்ளோ நாளும் ஜாக்கெட்ட யாரும் தொடுறதே இல்ல.

இத நான் பெரிய விஷயமா சொல்றதுக்குக் காரணம் இருக்கு. வாடை அடிக்கிற ஜாக்கெட்ட யாரும் போட மாட்டாங்க, கேபின்ல தூக்கிப் போட்டுட்டு "அவசரம்னா எடுத்துக்கலாம்"னு விட்டுடுவாங்க, ஆனா போட் கவுறும்போது எடுத்து மாட்டுறதுக்கு நேரம் இருக்காது. 2017 நவம்பர் கடைசில ஒக்கி புயல் வந்தப்ப கன்னியாகுமரி மாவட்டத்து ஆளுங்க எத்தனையோ பேர் கடல்ல மாட்டிக்கிட்டாங்க, கவுந்த போட்ட பிடிச்சுக்கிட்டு மணிக்கணக்கா மிதந்து தப்பிச்சவங்களும் இருக்காங்க, திரும்பியே வராதவங்களும் நிறைய பேர். அந்த மாதிரி நேரத்துல உடம்புல மாட்டியிருக்கிற ஜாக்கெட்டுதான் உதவும். அதுவும் மணிக்கணக்கா தையல் விடாம, பெல்ட் அறுந்துக்காம நிக்கணும்.

அதனால க்ளீன் பண்றதுல என் கணக்கு இதுதான்: பூசணம் போகுதாங்கறது ரெண்டாவது கேள்வி, துணியும் தையலும் பெல்ட்டும் பழைய பலத்தோட இருக்குமாங்கறதுதான் முதல் கேள்வி. பளிச்சுன்னு வெள்ளையாகி துணி நைஞ்சுபோன ஜாக்கெட்ட விட, லேசா கறை தெரியுற உறுதியான ஜாக்கெட் எவ்வளவோ மேல். இந்த அளவுகோல வெச்சுத்தான் கீழ ஒவ்வொண்ணையும் பாக்கப்போறேன்.

முதல்ல பூசணம் ஏன் வருதுன்னு ஒரு நிமிஷம் பாத்துடுவோம், ஏன்னா எத தேர்ந்தெடுக்கறதுங்கறது அதுலதான் இருக்கு. ஜாக்கெட்டோட மேல்துணி பெரும்பாலும் நைலான் இல்லேன்னா பாலியஸ்டர், உள்ள ஃபோம். பூசணம் இந்த நைலானத் தின்னு வளர்றதில்ல, அதுல ஒட்டியிருக்கிற வியர்வை, மீன் வழுவழுப்பு, எண்ணெய் அழுக்கு, இதுங்கதான் அதுக்குச் சாப்பாடு. ஈரம் எங்கிருந்து வருதுன்னா உப்புல இருந்து. காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தத் தாண்டினா உப்பு தானாவே காத்துல இருக்கிற தண்ணிய இழுத்துக் கசிய ஆரம்பிச்சிடும், நம்ம கடற்கரைல ராத்திரி ஆனா அந்த அளவுக்கு மேலதான் பெரும்பாலும் இருக்கும். அப்ப கடல் தண்ணில நனைஞ்ச ஜாக்கெட்ட பகல் பூரா காய வெச்சாலும், தையலுக்குள்ள உப்பு இருக்கிற வரைக்கும் அது ராத்திரில திரும்ப ஈரமாகும். காய வெச்சுத்தானே வெச்சேன், எப்படிப் பூத்துச்சுன்னு கேக்கறவங்களுக்கு இதுதான் பதில். எந்த மருந்து போட்டாலும் கடைசில நல்ல தண்ணில அலசி உப்பு போகலைன்னா ரெண்டே வாரத்துல திரும்ப வந்துடும்.

இன்னொண்ணு, பூசணம் பிடிச்சத வீட்டுக்குள்ள வெச்சு தட்டாதீங்க. வெளில, காத்தோட்டமா, மூக்குல மாஸ்க் போட்டுக்கிட்டு, கைல கிளவுஸ் போட்டுக்கிட்டு பண்ணுங்க. அந்தப் பொடி நெஞ்சுக்குள்ள போனா ஆஸ்துமா இருக்கிறவங்களுக்கு ரொம்பக் கஷ்டம், சின்னப் பிள்ளைங்கள பக்கத்துல விடாதீங்க.

சரி, இப்ப ஒவ்வொண்ணா.

சோப்புத் தண்ணி. இத ஒரு வழின்னே யாரும் எண்றதில்ல, ஆனா பாதி வேலைய முடிக்கிறது இதுதான். துணி துவைக்கிற லிக்விட இல்ல பாத்திரம் கழுவுற லிக்விட தண்ணில கரைச்சு, பழைய டூத் பிரஷ் இல்ல மெத்துன்னு இருக்கிற பிரஷ்ஷால தேய்க்கணும். பூசணத்துக்குத் தீனியா இருக்கிற அழுக்கையே இது எடுத்துடுது. மேலாப்புல வெள்ளையா பொடி மாதிரி பூத்திருக்கு, வாடை லேசாத்தான் இருக்குன்னா வேற எதுவுமே வேணாம், சோப்பும் நல்ல தண்ணியும் போதும். துணிக்கு ஒரு கெடுதலும் இல்ல. ஆனா வாடை பலமா இருந்தாலோ, புள்ளி தையலுக்குள்ள இறங்கியிருந்தாலோ சோப்பு மட்டும் காணாது.

வினிகர். என்னோட முதல் தேர்வு இதுதான், வெளிப்படையாவே சொல்லிடுறேன். மளிகைக் கடைல கிடைக்கிற வெள்ளை வினிகர்ல அசிட்டிக் ஆசிட் 4, 5 சதவீதம்தான் இருக்கும், அதுல பாதிக்குப் பாதி தண்ணி கலந்துக்கணும். சோப்பு போட்டுக் கழுவின பிறகு இத ஸ்ப்ரே பண்ணி அரை மணி நேரம் விட்டு, பிரஷ் பண்ணி, அலசணும். பூசணத்தையும் நல்லா அடக்குது, வாடையையும் எடுக்குது, வினிகரோட சொந்த வாடை காஞ்சதும் போயிடும்.

இதுல ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கு, எழுதுறவங்க யாரும் சொல்றதில்ல. "பக்கெட்ல ஊற வைங்க"ன்னு சொல்லிடுவாங்க, ஆனா லைஃப் ஜாக்கெட் ஊறாது, மிதக்கும்! டப்புல போட்டா கீழ்ப்பக்கம் மட்டும் நனையும், மேல்ப்பக்கம் காஞ்சு கிடக்கும், பூசணம் பிடிச்ச காலர் எப்பவும் மேலதான் நிக்கும். கல்லு வெச்சு அமுக்கினா ஃபோம் நசுங்கும். அதுக்கு நான் பண்றது என்னன்னா பழைய பனியன் துணிய வினிகர் தண்ணில முக்கி, ரொம்பப் பிழியாம, காலர் மேலயும் தோள்பட்டைத் தையல் மேலயும் சுத்திப் போட்டு விட்டுடுவேன், காய்ஞ்சா மேல கொஞ்சம் தெளிக்கலாம். பெல்ட்டு மட்டும் தனியா தொங்கும்ல, அத ஒரு சொம்புக்குள்ள விட்டா முழுசா ஊறிடும். பெல்ட்டு பக்கிள் வழியா நுழைஞ்சு மடங்குற இடத்த இழுத்து விரிச்சுப் பாருங்க, வெளில சுத்தமா தெரியுற ஜாக்கெட்ல கூட அந்த மடிப்புக்குள்ள கருப்பா இருக்கும்.

வினிகரோட குறை, கறைய எடுக்காது. பூசணம் செத்துடும், கருப்புப் புள்ளி அப்படியே நிக்கும். அதுவும் ஆசிட்தான், நைலானுக்கு ஆசிட் ஆகாது, அதனால ராத்திரி முழுக்க ஊற விடாதீங்க, தண்ணி கலக்காம ஊத்தாதீங்க, அரை மணில இருந்து ஒரு மணி நேரத்துல அலசிடுங்க. இந்த அளவுக்கு நீர்த்ததால ஒண்ணும் ஆகாது. இரும்பு ஜிப் இருந்தா அத நல்லா அலசித் துடைச்சுக்குங்க.

வெண்காரம், அதாவது போராக்ஸ். நாட்டு மருந்துக் கடைல கட்டியாவும் பொடியாவும் கிடைக்கும். இளஞ்சூட்டுத் தண்ணி நாலு லிட்டருக்கு ஒரு டம்ளர் பொடி கரைச்சுத் தேய்ச்சா பூசணத்த நல்லா தடுக்கும், துணியோட பலத்துக்கும் பெருசா பாதிப்பு இல்ல, நிறமும் போகாது. இதோட உண்மையான பலம் என்னன்னா, அலசாம விட்டா அந்த வெண்காரம் துணி மேல காஞ்சு தங்கி திரும்பப் பூசணம் வராம பாத்துக்கும். ஆனா ஜாக்கெட்ல அப்படி விட முடியாதே! கழுத்துல, தாடைல படுற சாமான், வியர்வைல கரையும், சின்னப் பிள்ளைங்க ஜாக்கெட்டுன்னா காலரக் கடிக்கும், வெண்காரம் வாய்க்குள்ள போகக்கூடாது. அலசித்தான் ஆகணும், அலசிட்டா அந்தத் தனிப் பலன் போயிடுது, அப்புறம் வினிகருக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல.

அதனால வெண்காரத்த நான் ஜாக்கெட்டுக்கு இல்லாம ஜாக்கெட் வெக்கிற இடத்துக்குத்தான் சொல்லுவேன். மரப்பெட்டி, கேபின் பலகைக்கு அடியில இருக்கிற அறை, ஷெட்டு மூலை, இங்க எல்லாம் வெண்காரத் தண்ணியத் துடைச்சு அலசாம காய விட்டுடுங்க. ஜாக்கெட்ட மட்டும் சுத்தம் பண்ணி பூசணம் பிடிச்ச பெட்டிக்குள்ளயே திரும்ப வெச்சா பண்ணின வேலை வீண்.

ஹைட்ரஜன் பெராக்சைடு, ஆக்ஸிஜன் ப்ளீச். இது ரெண்டும் ஒரே குடும்பம். மெடிக்கல் ஷாப்ல 3 சதவீதமோ 6 சதவீதமோ பாட்டில்ல கிடைக்கும், 6 வாங்கினா சரிபாதி தண்ணி கலந்து 3 ஆக்கிக்கணும். ஆக்ஸிஜன் ப்ளீச்சுங்கறது துணிக் கறை எடுக்குற பொடியா சூப்பர் மார்க்கெட்ல விக்கிறது, இளஞ்சூட்டுத் தண்ணில கரைச்சா அதே பெராக்சைடுதான் வெளில வரும். வினிகரால போகாத கருப்புப் புள்ளி இதுல பாதிக்கு மேல மங்கிடும், குளோரின் இல்லாததால நைலானுக்கும் அவ்வளவு ஆபத்து இல்ல. ஸ்ப்ரே பண்ணி பத்து பதினஞ்சு நிமிஷம், நுரைச்சு வரும், பிரஷ் பண்ணி அலசிடணும்.

ஆனா ஆரஞ்சு நிறம் வெளுக்க வாய்ப்பு இருக்கு, அது சாதாரண விஷயம் இல்ல, கடல்ல தேடி வர்றவங்க கண்ணுக்குத் தெரியுறதுக்குத்தான் அந்த நிறமே. அதனால முதல்ல உள்பக்கம் கண்ணுல படாத இடத்துல ஒரு சொட்டு விட்டுப் பாத்துட்டு, நிறம் மாறலைன்னா மட்டும் மேல போங்க. அதையும் கறை இருக்கிற இடத்துக்கு மட்டும். மொத்த ஜாக்கெட்டுக்கும் அடிக்கத் தேவையே இல்ல.

ப்ளீச். நம்ம ஊர்ல பூசணம்னாலே கை முதல்ல இங்கதான் போகும், பஞ்சாயத்துல தெளிக்கிற ப்ளீச்சிங் பவுடர் வீட்டுல ஒரு டப்பா இருக்கும், இல்ல தரை துடைக்கிற லிக்விட் இருக்கும், கரைச்சு ஊத்தினா கண்ணு முன்னாடியே கருப்பு மறையும், பாக்கிறதுக்கு மனசுக்கு நிறைவா இருக்கும். தயவுசெஞ்சு லைஃப் ஜாக்கெட்ல ஊத்தாதீங்க. குளோரின் நைலான அரிச்சிடும், மேல்துணி மட்டும் இல்ல, பெல்ட்டு, தையல் நூலு எல்லாமே நைலானா இருக்கலாம், வெளில பாத்தா நல்லாத்தான் தெரியும், ஒரு அலை இழுப்புல ஆளோட எடைய அந்தத் தையல் தாங்கணும்ங்கறப்பதான் விட்டுக்கொடுக்கும். ஜாக்கெட் உள்பக்கம் இருக்கிற லேபிள்ல முக்கோணத்து மேல பெருக்கல் குறி போட்டிருந்தா ப்ளீச் கூடாதுன்னு அர்த்தம், எடுத்துப் பாருங்க, நிறைய ஜாக்கெட்ல இருக்கும். வெளிச்சம் பட்டா மின்னுற வெள்ளிப் பட்டை இருக்குல்ல, அதுவும் ப்ளீச்சுல மங்கிடும், ராத்திரி டார்ச் அடிச்சுத் தேடுறப்ப அந்தப் பட்டைதான் உங்கள காட்டிக்கொடுக்கும், அத தேய்க்கறப்ப கூட பிரஷ் வேணாம், துணிதான்.

இன்னொரு ஆபத்து கலக்கறது. வினிகர் போட்டோம் கறை போகலைன்னு அது மேலயே ப்ளீச்ச ஊத்தினா குளோரின் வாயு கிளம்பும். டாய்லெட் கழுவுற ஆசிட்டோட ப்ளீச்சிங் பவுடர் சேந்தாலும் அதேதான். மூடின ரூமுக்குள்ள உயிருக்கே ஆபத்து. பெராக்சைடையும் வினிகரையும் கூட ஒரே பாட்டில்ல கலக்காதீங்க, ஒண்ண போட்டு அலசி முடிச்சிட்டு அடுத்தது.

ப்ளீச்சுக்கு ஒரே ஒரு இடம் நான் ஒத்துக்குவேன், லைஃப் பாய், அதாவது அந்த ஆரஞ்சு ரிங்கு. கெட்டி பிளாஸ்டிக் ஓடுங்கறதால ரொம்ப நீர்த்த ப்ளீச்சால ஓட்ட மட்டும் துடைச்சு உடனே கழுவலாம். ஆனா சுத்தி ஓடுற கயிறும் மின்னுற பட்டையும் நனையக்கூடாது, கயித்துக்கு சோப்புத் தண்ணிதான்.

வாஷிங் மெஷின், சர்வீஸ் ஸ்டேஷன் வாட்டர் வாஷ், கொதிக்கிற தண்ணி, ட்ரையர், இது நாலுமே வேணாம். மெஷின் ஃபோம முறுக்கிடும், பிரஷர் தண்ணி தையல விரிக்கிறதோட பூசணத்த உள்ள தள்ளிடும், சூடு பட்டா ஃபோம் சுருங்கும். டீசல் கறைய எடுக்கறேன்னு பெட்ரோல், தின்னர் தொடுறதும் அதே ரகம்தான். மலிவு ஜாக்கெட் சிலதுல உள்ள தெர்மாகோல் இருக்கும், பெட்ரோல் பட்டா கரைஞ்சு ஒண்ணுமில்லாம போயிடும், வெளித்துணி அப்படியே இருக்கும், உள்ள மிதக்கிற சாமானே இருக்காது. வாடைக்குன்னு பாச்சை உருண்டை போட்டு வெக்கிற பழக்கமும் சிலருக்கு இருக்கு, அதுவும் தெர்மாகோல இளக்கிடும், பூசணத்துக்கு ஒண்ணும் செய்யாது, வாடைய மறைக்க மட்டும்தான் செய்யும்.

வெயில். இதத்தான் நிறைய பேர் இலவச மருந்துன்னு நினைக்கிறாங்க, நாள் பூரா மணல்ல விரிச்சுப் போட்டுடுறாங்க. வெயில் பூசணத்தக் கொல்லும், உண்மைதான், ஆனா அதே புற ஊதாக் கதிர்தான் நைலானையும் கொல்லுது. ஆரஞ்சு நிறம் வெளிறி ரோஸ் மாதிரி ஆயிருந்தா துணி ஏற்கனவே பலம் போயிட்டிருக்குன்னு அர்த்தம். காலைல ஏழு எட்டு மணி இளவெயில்ல கொஞ்ச நேரம் காட்டலாம், மத்தபடி நிழலும் கடக்காத்தும்தான் வேணும். தடியான ஹேங்கர்ல மாட்டி, ஜிப்ப திறந்து, பெல்ட்ட எல்லாம் தளர்த்தி விட்டு, ரெண்டு மூணு நாள் தொங்கட்டும், மழைக்காலம்னா ஃபேன் போட்டு விடுங்க. மேல்துணி காஞ்சிடும், ஃபோமுக்கும் துணிக்கும் நடுவுல தண்ணி நிக்கும், அடிப்பக்கத் தையல அழுத்திப் பாத்தா ஈரம் கசியும், அது நிக்கிற வரைக்கும் இறக்காதீங்க.

காத்தடிச்சு ஊதுற டைப் ஜாக்கெட் வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரையும், தண்ணி பட்டா கரையுற மாத்திரை உள்ள கார்ட்ரிட்ஜையும் கழட்டாம நனைச்சீங்கன்னா கைலயே வெடிச்சு ஊதிடும். அத கழட்டிட்டு, வாயால ஊதி வெச்சு, ஈரத்துணியும் சோப்பும் மட்டும் போட்டுத் துடைங்க. வினிகர், பெராக்சைடு எதுவும் அந்தக் காத்துப் பைக்கு வேணாம். திரும்ப மாட்டறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி ஊதின நிலைல விட்டு காத்து இறங்குதான்னு பாருங்க. ஆபத்துல சிக்னல் காட்டக் கொளுத்துற ஃப்ளேர் டப்பா மேல பூசணம்னா வெளில உலர்ந்த துணியால துடைக்கிறதோட சரி, உள்ள ஈரம் போயிருந்தாலோ தேதி முடிஞ்சிருந்தாலோ மாத்திடுங்க.

இப்ப கடைசி கேள்வி, புதுசு வாங்குறதா. மேல சொன்ன எல்லா வழியும் ஜாக்கெட் உறுதியா இருக்குன்னாத்தான். அதுக்கு காசு செலவில்லாத சோதனை இருக்கு, க்ளீன் பண்றதுக்கு முன்னாடியே பண்ணிடுங்க, அப்புறம் வினிகர் கூட மிச்சம். தோள்பட்டைத் துணிய ரெண்டு கட்டை விரலாலயும் ஆள்காட்டி விரலாலயும் பிடிச்சு எதிரெதிரா பலமா இழுங்க, நூல் விலகினாலோ பர்ருன்னு கிழிஞ்சாலோ முடிஞ்சது. பெல்ட்ட மடக்கிப் பாருங்க, மடிப்புல பொடி உதிர்ந்தாலும் முடிஞ்சது. ஃபோம அமுக்கினா திரும்ப எழும்பணும், பள்ளமாவே நின்னுச்சுன்னா, போட்ல உக்கார்ற மெத்தையா போட்டு நசுங்கியிருக்கும், மிதப்பு குறைஞ்சிருக்கும்.

ஃபோம் தண்ணி குடிக்குதான்னு பாக்க மீன் நிறுக்கிற தராசு போதும். காஞ்ச ஜாக்கெட்ட நிறுத்து எழுதி வெச்சுக்கிட்டு, டிரம்முல நல்ல தண்ணிக்குள்ள ஒரு நாள் அமிழ்த்தி வெச்சு எடுத்து, தண்ணி வடிய விட்டு, துணியும் காஞ்ச பிறகு திரும்ப நிறுத்துப் பாருங்க (இதுக்கு கல்லுக்குப் பதிலா அகலமான பலகையக் குறுக்க வெச்சு அமுக்குங்க, நசுங்காது). எடை நல்லா கூடியிருந்தா ஃபோமுக்குள்ள தண்ணி போகுது. கப்பல்ல வெக்கிற ஜாக்கெட்டுக்கு சர்வதேச விதியே ஒரு நாள் நல்ல தண்ணில கிடந்தாலும் மிதப்பு 5 சதவீதத்துக்கு மேல குறையக்கூடாதுங்கறதுதான். தாத்தா காலத்து ஜாக்கெட்டுல உள்ள இலவம் பஞ்சு இருந்துச்சுன்னா சோதனையே வேணாம், அந்தப் பஞ்ச சுத்தியிருக்கிற பிளாஸ்டிக் பை கிழிஞ்சா தண்ணி குடிக்கும், அது எப்ப கிழிஞ்சுதுன்னு வெளில தெரியாது, மாத்திடுங்க.

புதுசு சில நூறு ரூபாய்ல இருந்து சில ஆயிரம் வரைக்கும் இருக்கு. விலை கம்மியா இருக்குன்னு 50 நியூட்டன் (மிதக்க வைக்கிற விசையோட அளவு) போட்டத ஆழ்கடலுக்கு வாங்காதீங்க, அது நீச்சல் தெரிஞ்சவங்களுக்கு, கரை பக்கத்துல உதவுறதுக்கு. மயங்கிக் கிடந்தாலும் முகம் மேல நிக்கணும்னா 150ஆவது வேணும், 100 அமைதியான தண்ணிக்குத்தான்.

ஆக நான் பண்றது, பண்ணச் சொல்றது: முதல்ல இழுத்துப் பாருங்க, தேறினா சோப்பு, அப்புறம் வினிகர், கருப்பு உறுத்திச்சுன்னா அந்த இடத்துக்கு மட்டும் பெராக்சைடு, வெக்கிற இடத்துக்கு வெண்காரம். கறை மிச்சமிருந்தா அப்படியே இருக்கட்டும், அதோட மல்லுக்கட்ட வேணாம். கடலுக்குப் போயிட்டு வர்ற ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணில ஒரு அலசு அலசி, சாக்குல கட்டாம வீட்டுத் தாழ்வாரத்துல கயிறு கட்டித் தொங்க விட்டா பூசணம் பாதிக்கு மேல வராது, தடைக்காலத்துல பதினஞ்சு நாளுக்கு ஒரு தடவை திருப்பிப் போட்டாப் போதும்.

தேறாத ஜாக்கெட்ட அப்படியே குப்பைல போடாதீங்க, யாராவது எடுத்து பிள்ளைங்களுக்கு மாட்டி விட்டுடுவாங்க. பெல்ட்ட எல்லாம் வெட்டி, துணிய குறுக்க கிழிச்சு, உள்ள இருக்கிற ஃபோம உருவிட்டு அப்புறம் போடுங்க.